அபார்ட்மென்டில் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: எது வாங்குவது, என்ன தோட்டா போடுவது? (டெக்சஸ்)

இர்விங்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். நான், மனைவி, ஐந்து வயது மகள். மூன்று மாடி மரச்சட்டக் கட்டடம், நாங்கள் நடு மாடி. கொஞ்ச நாளாகவே வளாகத்தில் கார் கண்ணாடியை உடைப்பது நடந்துகொண்டிருந்தது. போன வாரம் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக் கதவை, ஆள் உள்ளே இருக்கும்போதே உதைத்துத் திறந்திருக்கிறார்கள். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் இல்லை, எனக்கும்தான்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, அதனால் துப்பாக்கி வாங்கலாம் என்று யோசிக்கிறேன். கல்லூரி என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு .22 ரைஃபிளில் சுட்டதோடு சரி. கடைக்காரர் 12 கேஜ் ஷாட்கன்னைக் காட்டி வீட்டுக்கு இதுதான் என்கிறார். அலுவலக நண்பர் ஏ.ஆர்.-15 ரைஃபிள் என்கிறார். என் பயம் ஒன்றே ஒன்று. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் அந்தச் சுவரை எந்தத் தோட்டா தாண்டாது? அப்புறம், லீஸில் ஆயுதம் பற்றி ஒரு வரியும் இல்லை. மேனேஜர் தடுக்க முடியுமா?

ராம்_பிளேனோ:

கார்டு வந்ததற்கு வாழ்த்துகள். தோட்டாவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். தோட்டா வைத்திருப்பதும் அப்படியே. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். ஆயுதக் குற்றம் ஒன்று பதிவானால் நாடு கடத்த அதுவே தனிக் காரணம் ஆகும். கிரீன் கார்டு உள்ளவருக்கும் இது பொருந்தும்.

கிரீன் கார்டு இருந்தால் கடையில் வாங்கலாம். 4473 என்ற படிவத்தில் கார்டில் உள்ள ஏ எண்ணை எழுத வேண்டும், எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும். லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கிக்கு 21 வயது, நீளத் துப்பாக்கிக்கு 18. படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

லீஸ் பற்றி: 2019இல் டெக்சஸில் வந்த சட்டப்படி, குடியிருப்பவர் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை வீட்டு உரிமையாளர் தடுக்க முடியாது. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

ஒரு கேள்வி. மனைவிக்கும் கார்டு வந்துவிட்டதா? ஹெச்-4இல் (ஹெச்-1பிக்காரரின் துணைக்குத் தரும் தற்காலிக விசா) இருந்தால், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் ரகசிய எண் அவரிடம் இருக்கக் கூடாது. துப்பாக்கி அவர் கைக்கு எட்டும்படி இருந்தால், அவரும் வைத்திருப்பதாகக் கணக்காக வாய்ப்பு உண்டு.

இர்விங்வாசி:

நன்றி ராம். அவருக்கும் சேர்த்தே வந்துவிட்டது. கோடையில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார், சுற்றுலா விசா.

ராம்_பிளேனோ:

அப்படியானால் அவர் இருக்கும் காலம் முழுக்கப் பூட்டிய பெட்டியில், உங்கள் இருவரைத் தவிர யாரும் திறக்க முடியாதபடி இருக்கட்டும்.

செல்வம்_ஹூஸ்டன்:

தம்பி, நான் ரேஞ்சில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆளை நிறுத்தும் வலு உள்ள எந்தத் தோட்டாவும் அந்தச் சுவரில் நிற்காது.

வீட்டுக்குள் அறைக்கும் அறைக்கும் நடுவே என்ன இருக்கிறது? அரை அங்குல ஜிப்சம் பலகை, மூன்றரை அங்குல வெற்றிடம், மறுபடி அரை அங்குலப் பலகை. இரண்டு வீடுகளுக்கு நடுவே பலகை கொஞ்சம் தடிமனாக, பெரும்பாலும் 5/8 அங்குலம் இருக்கும். சில கட்டடங்களில் இரட்டைப் பலகை, உள்ளே பஞ்சு. இவை தீ பரவாமல் இருக்கவும் சத்தம் கேட்காமல் இருக்கவும் வைத்தவை. தோட்டாவுக்கு இது பொருட்டே இல்லை.

வலு குறைந்த தோட்டாவாகப் போட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில், ஒருவன் மேல் ஆரம்பத்திலேயே பட்ட 9 மி.மீ. தோட்டா கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். ஏஜென்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அதற்குப் பிறகுதான், உடல் சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெல்லில் குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18 என்ற அளவை எஃப்.பி.ஐ. வைத்தது. ஜெல்லில் 12 அங்குலம் போகிற தோட்டாவுக்கு ஓர் அங்குல ஜிப்சம் எம்மாத்திரம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஹாலோ பாயிண்ட் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது. உடலில் பட்டால் முனையில் இருக்கும் குழிக்குள் ஈரம் புகுந்து அழுத்தி, தோட்டா பூப்போல விரியும், வேகம் குறையும், பெரும்பாலும் உடலுக்குள்ளேயே நிற்கும். அதே தோட்டா குறி தவறிச் சுவரில் பட்டால் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் பல நேரம் விரியாது, முனையில் குழி இல்லாமல் உலோக உறை மூடிய சாதாரண முழு உறைத் தோட்டா மாதிரியே அடுத்த வீட்டுக்குள் போகும். ஆக, பட்ட தோட்டாவுக்குத்தான் ஹாலோ பாயிண்ட் காவல். தவறிய தோட்டாவுக்கு உங்கள் குறியும், நீங்கள் நிற்கும் இடமும்தான் காவல்.

அதனால் எந்தத் துப்பாக்கி என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் திசையில் சுடலாம் என்று பாருங்கள். வீட்டின் அமைப்பை எழுதுங்கள், பேசுவோம்.

கொங்கு_டெக்சன்:

செல்வம் அண்ணா சொல்றது சரிதானுங்க. ஆனா ஷாட்கன்ல பேர்ட்ஷாட் போட்டா சுவர் பிரச்சினையே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே. சின்னச் சின்னக் குண்டு, சுவர்லயே நின்னுரும். குறியும் அவ்வளவா பார்க்க வேண்டியதில்லை, விரிஞ்சு போகும். பம்ப் பண்ற சத்தம் கேட்டாலே ஓடிருவான்னும் சொல்றாங்க. எங்கிட்ட ஒரு மாஸ்பெர்க் இருக்குதுங்க, அதான் கேக்குறேன்.

செல்வம்_ஹூஸ்டன்:

மாஸ்பெர்க் நல்ல துப்பாக்கி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட மூன்றும் வேறு மாதிரி.

விரிவு என்பது கிட்டத்தட்ட ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்டில் ஹாலின் நீளம் ஏழெட்டுக் கஜம் தாண்டாது. அந்தத் தூரத்தில் குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குள்ளேயே இருக்கும். ஃபெடரல் கம்பெனியின் ஃபிளைட்கன்ட்ரோல் போன்ற, குண்டுகளைச் சேர்த்தே அனுப்பும் தோட்டாக்களில் இன்னும் இறுக்கம். குறி பார்த்தே ஆக வேண்டும்.

பேர்ட்ஷாட் ஜெல்லில் ஆறு அங்குலம்கூடப் போகாமல் நிற்கும் ரகம். தடித்த ஜாக்கெட் போட்டவனை அது நிறுத்தும் என்று நம்பி வீட்டாரின் உயிரை வைக்கக் கூடாது. அறை அளவு தூரத்தில் மொத்தமாகச் சேர்ந்தே போவதால் ஜிப்சம் பலகையையும் உடைத்துக்கொண்டு போகும். மறுபக்கம் தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு அதுவே போதும். டபுள் ஆட் பக்ஷாட் என்ற பெரிய குண்டு ரகத்தில் ஒரு தோட்டாவுக்கு எட்டோ ஒன்பதோ குண்டுகள், ஒவ்வொன்றும் .33 அங்குலம். பல சுவர்களைத் தாண்டும். ஷாட்கன்தான் என்றால் 4ஆம் எண் பக்ஷாட்டைப் பாருங்கள். ஒரு குண்டு .24 அங்குலம், வழக்கமான தோட்டாவில் 27 இருக்கும். டபுள் ஆட் அளவுக்குத் துளைக்காது, ஆனாலும் சுவர் தாண்டும். ஒற்றைப் பெரிய குண்டான ஸ்லக்கை அபார்ட்மென்டில் நினைக்கவே வேண்டாம்.

பம்ப் சத்தம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். ஓடினால் நல்லது. அதை ஒரு திட்டமாக வைக்காதீர்கள்.

ஒரு கையால் மகளைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியோடு தாழ்வாரத்தில் திரும்புவதை ஒருமுறை காலித் துப்பாக்கியோடு செய்து பாருங்கள். இர்விங் தம்பிக்கு நான் கைத்துப்பாக்கி என்று சொல்வதற்குப் பெரிய காரணம் அதுதான்.

பாலா_ஃபிரிஸ்கோ:

ஏ.ஆர்.-15 பற்றி யாரும் நியாயமாகப் பேசவில்லை. அதில் போடும் 55 கிரெய்ன் எடையுள்ள .223 தோட்டா லேசானது, வேகம் அதிகம். ஜிப்சம் பலகையில் பட்டதும் புரளும், உடையும். வீட்டுச் சுவர் மாதிரிச் சட்டம் கட்டிச் செய்த பல சோதனைகளில் 9 மி.மீ., டபுள் ஆட் பக் இரண்டையும்விட .223 சீக்கிரம் வலுவிழந்தது. ரைஃபிள் என்றாலே பத்து வீடு தாண்டும் என்பது பயத்தில் சொல்வது. தோளில் அணைத்துச் சுடுவதால் புதியவருக்குக் குறியும் எளிது.

செல்வம்_ஹூஸ்டன்:

பாலா சொல்வது உண்மை, நானும் அதை மறுக்க மாட்டேன். சரியான லேசான தோட்டா போட்டால் .223 சுவர்களுக்கு நடுவே சீக்கிரம் சிதறும். ஆனால் "சீக்கிரம்" என்பது முதல் சுவர் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டித்தான் சிதறும். பச்சை முனை எம்855 மாதிரி எஃகு முனை வைத்ததைப் போட்டால் இந்தக் கணக்கும் மாறிவிடும்.

மூடிய அறையில் அதன் சத்தம் இன்னொரு பிரச்சினை. 140 டெசிபலுக்கு மேல் ஒரே வெடிப்பு காதைக் கெடுக்கும். கிட்டத்தட்ட எல்லாத் துப்பாக்கியும் அதைத் தாண்டும், ரைஃபிள் 160ஐயும் தாண்டும். சைலன்சர் பொருத்தலாம். அதற்கான 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து இல்லை, ஆனால் பதிவு இன்னும் உண்டு. நன்றாகப் பழகியவருக்கு ரைஃபிள் நல்ல தேர்வே. இப்போதுதான் தொடங்குகிறவருக்கு, ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், சின்னப் பெட்டியில் பூட்டி ஒரு கையால் எடுக்க முடிகிற ஒன்றையே நான் சொல்வேன்.

மீனா_நர்ஸ்:

நான் தனியாக இருக்கிறேன், நைட் ஷிஃப்ட் வேலை. கைத்துப்பாக்கி வாங்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. கடையில் சின்னத் துப்பாக்கியாகப் பார்த்துக் கையில் கொடுப்பார்கள். சின்னது என்றால் உதை அதிகம், குறி கஷ்டம். வீட்டில் வைக்கப் போவதை இடுப்பில் மறைக்க வேண்டியதில்லை, அதனால் நடுத்தர அளவிலேயே எடுங்கள். தோட்டா ஏற்ற மேல்பகுதியை (ஸ்லைடு) இழுக்கக் கை வலு போதவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸீ .380இலும் 9 மி.மீ.யிலும் இருக்கிறது, எனக்கு அதுதான் ஒத்துவந்தது. ரிவால்வர் எளிது என்பார்கள். டிரிகர் இழுப்பு கனமானது, பெரும்பாலும் ஐந்தாறு தோட்டாதான், நடுங்கும் கையில் குறி விலகும். குறி விலகினால் என்ன ஆகும் என்று செல்வம் சார் எழுதிவிட்டார்.

தலைமாட்டில் நல்ல டார்ச் ஒன்று தனியாக வையுங்கள். துப்பாக்கியில் மாட்டும் லைட்டை மட்டும் நம்பினால், வெளிச்சம் அடிக்கும் இடமெல்லாம் குழலும் பார்க்கும். இருட்டில் வருவது தண்ணீர் குடிக்க எழுந்த மகளாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம்.

தாமரை:

இதுவரை எல்லாரும் கதவு உடைந்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். உடையாமல் இருக்க என்ன செய்தீர்கள் இர்விங்வாசி?

டெக்சஸ் சட்டப்படி வாசல் கதவில் வெளியிலிருந்து சாவி போட முடியாத உள்தாழ்ப்பாளும், வெளியே பார்க்கும் துளையும் நீங்கள் கேட்காமலே உரிமையாளர் பொருத்தியிருக்க வேண்டும். பால்கனியின் சறுக்குக் கதவுக்கும் முளைப்பூட்டு உண்டு. குடி மாறினால் ஏழு நாளுக்குள் பூட்டை மாற்றியிருக்க வேண்டும். இதெல்லாம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்புறம் நிலையில் தாழ்ப்பாள் விழும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். முக்கால் அங்குலத் திருகுதான் பெரும்பாலும் இருக்கும், அது மெல்லிய நிலைப்பலகையை மட்டும் பிடித்திருக்கும். மேனேஜரிடம் சொல்லி மூன்று அங்குலத் திருகு போடச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடிக்கும். செலவு சில டாலர்கள். ஓர் உதையில் திறந்த கதவு பல உதை தாங்கும், அதற்குள் நீங்கள் எழுந்து 911 கூப்பிட்டிருப்பீர்கள்.

வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்பதில் எனக்கு உங்கள் முடிவோடு உடன்பாடு இல்லை. ஐந்து வயதுக் குழந்தை எல்லா அலமாரியையும் திறந்து பார்க்கும் வயது. கதவை உதைத்து ஒருவன் வருவது எப்போதோ ஒருமுறை, குழந்தை அலமாரியைத் திறப்பது தினமும்.

செல்வம்_ஹூஸ்டன்:

தாமரை சொல்லும் கதவு வேலையைத் துப்பாக்கிக்கு முன்னால் செய்யுங்கள், நான் வகுப்பில் சொல்வதும் அதுதான். குழந்தை பற்றிச் சொல்வதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் அதை வாங்காமல் இருப்பதற்குக் காரணமாகச் சொல்கிறார், நான் பெட்டி இல்லாமல் வாங்காதீர்கள் என்பதற்குக் காரணமாகச் சொல்கிறேன். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சஸில் குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது உயிரோ பெரிய காயமோ ஆனால் தண்டனை பல மடங்கு. பொத்தான் பூட்டுள்ள எஃகுப் பெட்டியைக் கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். தலையணைக்கு அடியில், பீரோ மேல் என்பதெல்லாம் வேண்டாம்.

இர்விங்வாசி:

தாமரை, தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே சின்னத் திருகு. மேனேஜருக்கு எழுதிவிட்டேன்.

செல்வம் அண்ணா, வீட்டின் அமைப்பு இது. வாசல் கதவைத் திறந்தால் ஹால். வாசலுக்கு நேர் எதிரே, வராந்தா தாண்டி, எதிர் வீட்டுக் கதவு. ஹாலிலிருந்து சின்னத் தாழ்வாரம், இடப்பக்கம் மகள் அறை, கடைசியில் எங்கள் அறை. எங்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவர்தான் கைக்குழந்தை வீட்டோடு பொதுச்சுவர். மகள் அறையின் ஜன்னல் பக்கம் செங்கல் வெளிச்சுவர், கீழே புல்வெளி.

செல்வம்_ஹூஸ்டன்:

இதைத்தான் கேட்டேன். தாழ்வாரத்தில் நின்று வாசலைப் பார்த்துச் சுட்டால் தவறிய தோட்டா எதிர் வீட்டுக் கதவுக்குப் போகும். வாசலைக் குறிவைக்கும் திட்டமே வேண்டாம். தரையில் உட்கார்ந்து மேல்நோக்கிச் சுட்டால் மேல்மாடி, குனிந்து சுட்டால் கீழ்மாடி. நடு மாடிக்காரருக்கு எல்லாப் பக்கமும் ஆள்.

சத்தம் கேட்டதும் இருவரும் மகள் அறைக்குப் போய்விடுங்கள். அல்லது இன்றிலிருந்து மூவரும் அந்த அறையிலேயே படுங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும், இருட்டில் தாழ்வாரத்தைக் கடக்க வேண்டியதில்லை. கதவைப் பூட்டி, மகளைத் தரையில் கட்டிலுக்குப் பின்னால் படுக்கவைத்து, மனைவி 911இல் பேசட்டும். நீங்கள் அறைக்கதவின் பக்கத்தில், உள்ளே வருகிறவன் செங்கல் சுவருக்கும் உங்களுக்கும் நடுவே வரும்படி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். பகலில் நின்று பார்த்து, ஜன்னல் எங்கே, செங்கல் எங்கே என்று தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றித் தேடப் போகாதீர்கள். டி.வி.யும் லேப்டாப்பும் போனால் போகட்டும்.

ராம்_பிளேனோ:

செல்வம் அண்ணா சொன்னதற்குச் சட்டத்தில் ஓர் அடிப்படை இருக்கிறது. டெக்சஸில் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தவன்மேல் உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, தண்டனைச் சட்டம் 9.32. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே அத்தியாயத்தில் 9.05 என்று சின்னப் பிரிவு ஒன்று உண்டு. உங்கள் தற்காப்பு நியாயமாகவே இருந்தாலும், ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ, அந்த வழக்கில் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழந்தை சட்டத்தின் கண்ணில் அந்த மூன்றாம் ஆள்.

2020 மார்ச் 13 அன்று லூயிவில்லில் பிரியானா டெய்லர் அபார்ட்மென்டில் போலீஸ் சுட்டதில் சில தோட்டாக்கள் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போயின. அங்கே ஒரு கர்ப்பிணி, அவர் துணைவர், ஒரு குழந்தை. அதிர்ஷ்டவசமாக யார்மேலும் படவில்லை. மாநிலக் கோர்ட்டில் ஒரு போலீஸ்காரர்மேல் முதலில் வந்த குற்றச்சாட்டே அந்தப் பக்கத்து வீட்டாரை ஆபத்துக்கு உள்ளாக்கியதற்குத்தான். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே அப்படி.

இன்னொன்று நம் டாலஸிலேயே. 2018 செப்டம்பரில் ஆம்பர் கைகர் என்ற போலீஸ்காரர் வேலை முடிந்து, தன் மாடி என்று நினைத்து ஒரு மாடி மேலே ஏறி, தன் வீடென்று நினைத்துப் போதம் ஜீன் வீட்டுக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றம் உறுதியாகிப் பத்து ஆண்டு தண்டனை. அபார்ட்மென்டில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. நள்ளிரவில் உங்கள் கதவை ஆட்டுகிறவர் மாடி மாறி வந்த குடித்தனக்காரராகவும் இருக்கலாம். உரக்கக் கேளுங்கள், வெளிச்சம் அடியுங்கள், முகம் தெரியாமல் சுடாதீர்கள்.

இர்விங்வாசி:

இதையெல்லாம் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இன்று ராத்திரியிலிருந்து மூவரும் மகள் அறையில். கதவு வேலை முடிந்து, இருவரும் பயிற்சி வகுப்புக்குப் போன பிறகுதான் வாங்குவது என்று முடிவு. 9 மி.மீ. கைத்துப்பாக்கி, குளாக் 19 மாதிரி நடுத்தர அளவில். தோட்டா மட்டும் சொல்லுங்கள் அண்ணா, கடையில் ஹார்னடியிலேயே கிரிட்டிகல் டிஃபென்ஸ், கிரிட்டிகல் டியூட்டி என்று இரண்டு இருக்கிறது.

செல்வம்_ஹூஸ்டன்:

டியூட்டி என்பது போலீஸுக்குச் செய்தது. கார்க் கண்ணாடி, பலகை, சுவர் தாண்டியும் 12 அங்குலம் போக வேண்டும் என்று எஃப்.பி.ஐ. சோதனையை மனதில் வைத்துச் செய்தது. அந்தச் சோதனையில் ஒன்று, நான் முதலில் சொன்ன அதே இரண்டு ஜிப்சம் பலகைக்குப் பின்னால் ஜெல்லை வைத்துச் சுடுவது. அபார்ட்மென்டில் அந்த ஜெல் இருக்கும் இடத்தில் உங்கள் பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். உங்களுக்கு டிஃபென்ஸ் போதும். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்டு டாட் இரண்டும் பேர்பெற்றவை. ஆனால் அவையும் போலீஸ் பயன்பாட்டை வைத்து வந்தவை என்பதை மறக்க வேண்டாம். +பி என்று போட்ட அதிக அழுத்தத் தோட்டா புதியவருக்குத் தேவையில்லை. சுவர் தாண்டாது என்று சொல்லி விற்கும், சிதறும் தோட்டாக்களும் கிடைக்கும். அவை உடலில் ஆழமாகப் போகாது, சுவரையும் தாண்டிவிடும், எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

பழகுவதற்கு விலை குறைந்த முழு உறைத் தோட்டா. வீட்டில் வைக்கப் போகும் ஹாலோ பாயிண்டிலும் இரண்டு மூன்று பெட்டி ரேஞ்சில் சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முழு உறையை மேகசினிலிருந்து எடுத்துவிடுங்கள், இரண்டும் கலக்கக் கூடாது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழலில் ஏற்றி இறக்கினால் முனை உள்ளே அமுங்கும், சுடும்போது அழுத்தம் ஏறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், தனியாக வைத்து ரேஞ்சில் ஒப்படையுங்கள். வகுப்புக்கு வரும்போது இருவரும் கழுத்து மூடிய சட்டை போட்டு வாருங்கள், சூடான காலித் தோட்டா உள்ளே விழுந்தால் பதறிக் குழலை எங்காவது திருப்பிவிடுவீர்கள்.